பூட்டு முந்தியது, சாவி பிந்தியது

விதை, நிலம் என்னும் உவமை மிகப் பழையது. ஆண் தருபவன், பெண் ஏற்றுக்கொள்பவள் என்ற கருத்தை அது நம்முள் ஆழப் பதித்துவிட்டது. ஆய்வுக்கூடத்து மொழியும் அவ்வுவமையின் பிடியிலிருந்து எளிதில் விடுபடவில்லை என்பதை, அழுகிய பழத்தைச் சுற்றும் சின்னஞ்சிறு பழ ஈயின் ஆய்வு வரலாறு காட்டுகிறது.

கன்னிப் பெண் ஈ மிகச் சில முட்டைகளே இடும். அணுகும் ஆணையும் ஏற்கும். ஒருமுறை கூடியபின் அதன் இயல்பே மாறுகிறது. நாள்தோறும் பல பத்து முட்டைகள் இடுகிறது. ஏறத்தாழ ஒரு வாரம் ஆண்களை விலக்குகிறது. இதற்கு விந்தணு மட்டுமே காரணமன்று என்பது 1960களில் தெளிவாயிற்று. 1964இல் கார்சியா-பெல்லிடோ, ஆண் ஈயின் துணைச் சுரப்பியைக் கன்னி ஈயின் உடலுக்குள் பொருத்தினார். ஆணையே அறியாத அந்த ஈ மிகுதியாக முட்டையிட்டது.

1967இல் ஜார்ஜ் கிரெய்க் ஏடிஸ் கொசுவில் இதையொத்த உண்மையைக் கண்டார். ஆணின் சுரப்பிச் சாற்றைப் பெற்ற பெண் கொசு, அதன்பின் ஆணின் விந்தை ஏற்கவில்லை. மனிதரின் ஒருதுணை மணத்தைக் குறிக்கும் சொல்லையே அவர் தம் கட்டுரைத் தலைப்பில் இட்டார். அப்பொருளுக்குப் பின்னர் 'மேட்ரோன்' என்ற பெயர் அமைந்தது. மணமான மாதைக் குறிக்கும் சொல்லின் சாயல் அதில் உண்டு. கொசுவுக்கும் கற்பு கற்பிக்கப்பட்டது எனலாம்.

1988இல் சூரிச் பல்கலைக்கழகத்தில் பி. எஸ். சென்னும் அவர்தம் குழுவினரும், பழ ஈயின் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தனர். 36 அமினோ அமிலங்களே கொண்ட சிறு பெப்டைடு அது. 'பாலியல் பெப்டைடு' எனப் பெயர் பெற்றது. கன்னி ஈக்குள் அதைச் செலுத்தியதும் முட்டையிடலும் மறுப்பும் ஒருங்கே தோன்றின. இப்பெப்டைடு விந்தணுவின் வாலில் ஒட்டிக்கொண்டு, பெண்ணின் உடலுக்குள் சிறிது சிறிதாக விடுபடுவதால்தான் அதன் விளைவு பல நாள் நீடிக்கிறது என்பது 2005இல் புலனாயிற்று.

இதற்குப் பெண் கொடுக்கும் விலையும் உண்டு. டிரேசி சாப்மன், லிண்டா பாட்ரிட்ஜ், மரியானா வுல்ஃப்னர் முதலியோர் 1995இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆணின் சுரப்பிப் பொருள்களை மிகுதியாகப் பெற்ற பெண் ஈக்கள் விரைவில் மாண்டன. பெண் இப்போது இடும் முட்டைகள் ஆணுக்கு ஆதாயம். அவளது நீண்ட ஆயுளால் அவனுக்குப் பெரும்பயன் இல்லை. ஆண் ஆட்டுவிக்கிறான், பெண் ஆடுகிறாள் என்ற சித்திரம் இதனால் மேலும் வலுப்பெற்றது.

திருப்பம் 2008இல் நிகழ்ந்தது. வியன்னாவில் பாரி டிக்சன் குழுவினர், அப்பெப்டைடுக்கான ஏற்பியைப் பெண் ஈயிடம் கண்டனர். ஏற்பி இல்லாத பெண், கூடியபின்னும் கன்னியைப் போலவே நடந்துகொண்டது. அதினும் வியப்பு, அந்த ஏற்பி கொசுவிலும் பட்டுப்பூச்சியிலும் உண்டு. பெப்டைடோ பழ ஈக்களின் குடும்பத்துக்கு வெளியே அறியப்படவில்லை. அந்த ஏற்பியைத் தூண்டும் வேறு பெப்டைடுகள் பூச்சிகளின் உடலிலேயே பண்டுதொட்டு இருந்துவருகின்றன என்பதை 2010இல் வந்த ஆய்வுகள் உணர்த்தின. பூட்டு முந்தியது, ஆணின் சாவி பிந்தியது.

இதனால் பெண் ஈயின் இழப்பு பொய்யாகிவிடாது. ஆயினும், அவள் வெறும் நிலமல்லள். அவளது நரம்புகளில் முன்பே இருந்த ஓர் ஏற்பாட்டைத்தான் ஆண் பயன்படுத்திக்கொள்கிறான். சொற்களோடு புழங்கும் நாம் கருத வேண்டியது இதுவே: அவளிடம் தேட வேண்டிய பாதி விடை 2008 வரை காத்திருந்ததில், 'மணம்', 'மாது' போன்ற சொற்களுக்கும் பங்குண்டு.