பாலில்லாத ஐஸ்கிரீமின் பழைய கதை

ஐஸ்கிரீமில் பாலை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? பால் ஒத்துக்கொள்ளாத ஒருவர் "எனக்குப் பால் இல்லாத ஐஸ்கிரீம் வேண்டும்" என்று கேட்டால் நாம் சிரிக்கிறோம். மாவு இல்லாத இட்லி கேட்ட மாதிரி. ஆனால் வரலாற்றைப் புரட்டினால் கதை தலைகீழாக இருக்கிறது. முதலில் வந்தது பால் இல்லாததுதான். பால் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

முதலில் ஒரு குப்பையை ஒதுக்கிவிடுவோம். நீரோ மன்னன் பனியில் பழச்சாறு ஊற்றிச் சாப்பிட்டதால் ஐஸ்கிரீம் பிறந்தது, மார்க்கோ போலோ சீனாவிலிருந்து செய்முறையைத் தூக்கி வந்தார் என்றெல்லாம் பல இடங்களில் படித்திருப்பீர்கள். இவற்றுக்கு அந்தக் காலத்து ஆதாரம் எதுவும் கிடையாது. பனியை எடுத்துப் பானத்தில் போடுவது வேறு, ஒரு பானத்தையே உறைய வைப்பது வேறு. முதலாவதற்கு மலையும் வேலையாட்களும் இருந்தால் போதும். இரண்டாவதற்கு ஒரு சூட்சுமம் தெரிய வேண்டும்.

அந்தச் சூட்சுமம் உப்பு. ஐஸோடு உப்பைக் கலந்தால் ஐஸ் வேகமாக உருகும். உருகுவதற்கு வெப்பம் வேண்டுமே, அதைப் பக்கத்தில் இருக்கும் பாத்திரத்திலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். சாதாரண ஐஸ் 0 டிகிரியில் நின்றுவிடும். நூற்றுக்கு 23 பங்கு உப்பு சேர்ந்த உப்புநீர் மைனஸ் 21 டிகிரி வரைக்கும் உறையாமல் தாங்கும். பிளஸ் டூ வேதியியல் புத்தகத்தில் 'உறைநிலைத் தாழ்வு' என்று படித்தோமே, அதேதான். இப்படி ஒரு பயன் இருக்கிறது என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் இன்னும் கவனமாகப் படித்திருக்கலாம் :-)

வெடியுப்பைத் தண்ணீரில் கரைத்தால் தண்ணீர் குளிரும் என்பது அரபு மருத்துவர்களுக்கு 13ஆம் நூற்றாண்டிலேயே தெரியும். அக்பர் அரண்மனையிலும் குடிநீரை இப்படித்தான் குளிர வைத்தார்கள் என்று அபுல் ஃபசல் அயினி அக்பரியில் எழுதி வைத்திருக்கிறார். 1580களில் அரசவை லாகூருக்குப் போன பிறகு மலையிலிருந்து பனிக்கட்டி வரத் தொடங்கியதையும் அவர் குறிப்பிடுகிறார். ஆனால் வெறும் தண்ணீரில் கரைந்த வெடியுப்பு சில்லென்று ஆக்குமே தவிர உறைய வைக்காது. இத்தாலியில் ஜாம்பத்திஸ்தா தெல்லா போர்த்தா என்பவர் 1589இல் வெளியிட்ட நூலில், வெடியுப்பு தூவிய பனிக்குள் ஒயின் குடுவையைச் சுழற்றிச் சுழற்றி உறைய வைக்கும் வித்தையைச் சொல்கிறார். கவனியுங்கள், உறைந்தது ஒயின். பால் அல்ல.

அடுத்த நூறு வருடத்தில் இந்த வித்தை நேப்பிள்ஸ் நகரத்தில் சமையலாக மாறிவிட்டது. அங்கே ஒரு பிரபு வீட்டில் விருந்துகளை மேற்பார்வை பார்த்த அந்தோனியோ லத்தீனி 1690களில் இரண்டு பாகமாக ஒரு சமையல் நூல் எழுதினார். அதில் வருகிற சொர்பெத்தோ வகைகளைப் பாருங்கள்: எலுமிச்சை, ஸ்ட்ராபெர்ரி, செர்ரி, சாக்லேட். பெரும்பாலும் தண்ணீர், சர்க்கரை, பழம் அவ்வளவுதான். பால் சேர்த்த வகையும் உண்டு, பலவற்றில் ஒன்றாக. இங்கிலாந்தில் 1671இல் இரண்டாம் சார்லஸ் மன்னரின் விண்ட்சர் விருந்தில் 'ஐஸ் கிரீம்' ஒரு தட்டு வந்ததாகப் பதிவு இருக்கிறது. மன்னர் மேசைக்கு மட்டும்தான். மற்ற விருந்தினர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

பிறகு மாடும் மேய்ச்சல் நிலமும் நிறைந்த நாடுகளில் கிரீம் ஆட்சியைப் பிடித்தது. 1843இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த நான்சி ஜான்சன் கையால் சுற்றும் ஐஸ்கிரீம் வாளிக்குக் காப்புரிமை வாங்கினார். மர வாளி, நடுவில் உலோகப் பாத்திரம், சுற்றிலும் ஐஸும் உப்பும், உள்ளே துடுப்பு. ஐஸ்கிரீம் அரண்மனையிலிருந்து வீட்டுக்கு வந்தது இப்படித்தான்.

நம் ஊர்த் தொடர்பும் ஒன்று உண்டு. பாஸ்டனைச் சேர்ந்த ஃபிரெடரிக் டியூடர் ஏரி ஐஸை வெட்டி மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றினார், 1833இல் அது கல்கத்தா வந்து சேர்ந்தது. சென்னைக் கடற்கரையில் 1842இல் அந்த ஐஸைச் சேமிக்கக் கட்டியதுதான் ஐஸ் ஹவுஸ். பின்னால் நீராவி இயந்திரத்தில் ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் கப்பல் வியாபாரம் படுத்துவிட்டது. 1897இல் விவேகானந்தர் வந்து தங்கிய அதே கட்டடம்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம்.

சரி, மேட்டருக்கு வருவோம். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் யார்? பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரையை உடைக்க லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். குழந்தையாக இருக்கும்போது எல்லோருக்கும் அது சுரக்கும். வளர்ந்த பிறகு உலகத்தில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் குறைந்துவிடும். வளர்ந்த பிறகும் அது குறையாமல் இருக்கக் காரணமான மரபணு மாற்றத்தை 2002இல் பின்லாந்து ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அதே மாற்றம் இந்தியாவிலும் இருக்கிறது, வடமேற்கில் அதிகம், தெற்கிலும் கிழக்கிலும் குறைவு என்று காட்டியது. அதாவது ஒரு டம்ளர் பாலை அப்படியே குடித்துவிட்டு வயிறு உப்பாமல் இருப்பவர்தான் மனித இனத்தின் விதிவிலக்கு. தயிர் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, பால் குடித்தால் கடமுடா என்று சொல்லும் நண்பர் நடிக்கவில்லை. தயிராக உறையும்போது பாக்டீரியா லாக்டோஸில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகிறது.

இதையும் பால் அலர்ஜியையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. லாக்டோஸ் பிரச்சினையில் வயிறு மட்டும்தான் படுத்தும், கொஞ்சம் பால் உள்ளே போனால் பலர் சமாளித்துவிடுவார்கள். அலர்ஜி என்பது பாலின் புரதத்தோடு உடம்பின் நோய் எதிர்ப்பு அமைப்பு போடும் சண்டை. சிலருக்கு ஒரு ஸ்பூன்கூட மூச்சை அடைத்துவிடும். உயிரே போகலாம்.

வேடிக்கை என்னவென்றால், நவீன காலத்தில் பாலில்லாத ஐஸ்கிரீமைத் தேடிய பலர் இந்த நோயாளிகளை நினைத்துத் தேடவில்லை. மதத்துக்காகத் தேடினார்கள். ஐரோப்பாவில் தவக்காலத்தில் பால் கூடாது என்பதால் பாதாம் பால் பிரபலமானது இடைக்காலத்திலேயே. அமெரிக்காவில் செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபையினர் சைவ உணவைப் பரப்பிய பேட்டில் கிரீக் நகரத்தில், அல்மேடா லாம்பர்ட் என்ற பெண்மணி 1899இல் கொட்டைகளை வைத்துச் சமைப்பதற்கென்றே ஒரு நூல் வெளியிட்டார். அதில் கொட்டைப் பாலில் செய்யும் ஐஸ்கிரீம்களும் உண்டு. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தவர் இவர்தான். வீட்டு அடுப்படிக்காக எழுதிய புத்தகம்.

1970களில் டென்னசியில் 'தி ஃபார்ம்' என்ற ஹிப்பி குடியிருப்பு சோயாப் பாலில் 'ஐஸ் பீன்' என்ற பெயரில் ஐஸ்கிரீம் செய்தது. நியூயார்க்கில் கோஷர் உணவு வியாபாரம் செய்த டேவிட் மின்ட்ஸுக்கு வேறு தலைவலி. யூத மதச் சட்டப்படி இறைச்சியும் பாலும் சேரக் கூடாது. இறைச்சி விருந்து முடிந்ததும் ஐஸ்கிரீம் பரிமாற முடியாது, மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவர் பல வருடம் டோஃபுவோடு மல்லுக்கட்டி 1980களின் தொடக்கத்தில் 'டோஃபுட்டி'யைக் கடைக்குக் கொண்டுவந்தார். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் அது ஒரு வரமாக அமைந்தது. மின்ட்ஸ் 2021இல் காலமானார்.

ஆனால் லேபிளை நம்பி வாங்கலாமா? 1991இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. 'பால் இல்லாதது' என்று எழுதி விற்ற பொருட்களைச் சாப்பிட்டு, பால் அலர்ஜி உள்ளவர்களுக்கு எதிர்வினை ஏற்பட்டதைப் பற்றியது. அவற்றில் பால் புரதம் கலந்திருந்தது. நம் நாட்டில் இன்னொரு குழப்பம், 'ஃப்ரோசன் டெசர்ட்'. பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் போட்டது என்பதால் இதில் பாலே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அமுலுக்கும் ஹிந்துஸ்தான் யூனிலீவருக்கும் 2017இல் பம்பாய் உயர் நீதிமன்றம் வரை போன விளம்பரச் சண்டையும் இந்த எண்ணெயைப் பற்றித்தான். மாறியது கொழுப்பு மட்டும். பெரும்பாலான ஃப்ரோசன் டெசர்ட்டில் பால் பவுடர் இருக்கும், லாக்டோஸும் புரதமும் அதோடு வந்துவிடும். பொருட்கள் பட்டியலை எழுத்து எழுத்தாகப் படிப்பதைத் தவிர வழியில்லை. தெருவில் மணி அடித்து வரும் குச்சி ஐஸ் இந்த விஷயத்தில் எவ்வளவோ தேவலை. தண்ணீர், சர்க்கரை, சாயம், முடிந்தது. (பால் ஐஸும் அதே பெட்டியில்தான் இருக்கும் என்பதால் அலர்ஜிக்காரர்களுக்கு அதுவும் ஆகாது.)

ஆகவே வீட்டில் செய்வதே நிம்மதி. பாதாம், முந்திரி, சோயா எல்லாவற்றிலும் செய்யலாம், ஆனால் அவையும் பலருக்கு அலர்ஜி தரும். யாருக்குச் செய்கிறீர்களோ அவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். தேங்காய் அந்த அளவுக்குத் தொல்லை தருவதில்லை. தேங்காய்க் கொழுப்பு குளிரில் கெட்டியாக உறைவதால் கிரீமின் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். தாய்லாந்திலும் பிலிப்பைன்ஸிலும் தெருவோர வண்டிகளில் தேங்காய்ப் பால் ஐஸ்கிரீம் சர்வ சாதாரணம்.

இரண்டு பெரிய தேங்காயைத் துருவி, கொஞ்சமாக வெந்நீர் விட்டு அரைத்து, முதல் பால் அரை லிட்டர் எடுங்கள். இரண்டாம் பால் வேண்டாம், தண்ணீர் அதிகமானால் ஐஸ் மண்ணாங்கட்டி மாதிரி உறையும். 120 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காய், ஒன்றரை மேசைக்கரண்டி சோளமாவு கரைத்துச் சேர்த்து, இளந்தீயில் லேசாகக் கெட்டியாகும் வரை கிளறுங்கள். தளதளவென்று கொதித்தால் பால் திரிந்துவிடும். ஆறியதும் ஃப்ரிட்ஜில் நான்கு மணி நேரம்.

ஐஸ்கிரீம் மிஷின் வேண்டாம். மூடி இறுக்கமாக உள்ள எவர்சில்வர் தூக்கில் பாதியளவு ஊற்றி, ஒரு பக்கெட்டுக்குள் வைத்து, சுற்றிலும் 3 கிலோ நொறுக்கிய ஐஸும் 1 கிலோ கல் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டுங்கள். தூக்கின் கைப்பிடியைப் பிடித்து இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டே இருங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மூடியைத் துடைத்துவிட்டுத் திறந்து, ஓரத்தில் உறைந்ததைச் சுரண்டி நடுவில் தள்ளுங்கள். நான்சி ஜான்சனின் வாளிக்கு முன்னால் ஐரோப்பியச் சமையற்காரர்கள் செய்ததும் இதே வேலைதான். அரை மணி முதல் முக்கால் மணிக்குள் கெட்டிப்படும். மூடியைத் துடைக்க மறந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே போய்விடும், அப்புறம் தேங்காய்ச் சட்னி ஐஸ்கிரீம்தான்.

அலர்ஜி உள்ளவருக்குச் செய்வதாக இருந்தால் பால் காய்ச்சிய கரண்டியையும் பாத்திரத்தையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். ஃப்ரீசரில் வைத்தது கல் மாதிரி இறுகிவிடும், பத்து நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் பரிமாறுங்கள். கோனில் வைத்துத் தரலாம் என்று தோன்றும். கோன் பெரும்பாலும் கோதுமை மாவில் செய்தது, கோதுமை ஆகாதவர்களும் விருந்துக்கு வரலாம். கப்பிலேயே கொடுத்துவிடுங்கள்.