காந்தம் வச்சா பயிர் வளருமா? ஒரு பழைய கதை



காந்தத்துக்கும் வெள்ளைப்பூண்டுக்கும் ஆகாதுன்னு ஒரு காலத்துல ஐரோப்பாவுல நம்பினாங்க. காந்தக் கல்லு மேல பூண்டுச் சாறு பட்டா அது இரும்பை இழுக்காதாம். கிரேக்க நாட்டுப் புளூட்டார்க் காலத்துல இருந்து, ஆயிரத்து நானூறு வருசத்துக்கு மேல, பெரிய பெரிய படிப்பாளிகளே இதை எழுதி வச்சிருக்காங்க. ஒருத்தர் எழுதினதைப் பாத்து இன்னொருத்தர். ரெண்டு காசுக்குப் பூண்டு வாங்கித் தடவிப் பாத்தா முடிஞ்சு போற விசயம் இது. இத்தாலியில நேப்பிள்ஸ்காரர் டெல்லா போர்ட்டா 1589-ல வந்த தன் புத்தகத்துல அதைத்தான் செஞ்சதா எழுதறார். பூண்டைத் தின்னுட்டுக் காந்தத்து மேல ஊதிப் பாத்தார். சாறை முழுக்கத் தடவிப் பாத்தார். காந்தம் எப்பவும் போல இரும்பை இழுத்துச்சு.

இதை ஏன் சொல்ல வர்றேன்னா, இப்ப எங்க பக்கத்து ஊர்கள்ல காந்தம் விக்க வர்றாங்க. போர் குழாயில மாட்டினா உப்புத் தண்ணி நல்ல தண்ணியாயிடும், தென்னை குலை தள்ளும், விதை சீக்கிரம் முளைக்கும்கறாங்க. டவுன்ல மாடித்தோட்டம் வச்சிருக்கிற உங்களுக்கும் வேற ரூபத்துல வந்திருக்கும். தொட்டியில செம்புக் கம்பியைச் சுருட்டி நட்டு வைங்க, காந்தத்தை மண்ணுக்குள்ள புதைங்கன்னு வீடியோ ஓடுது. உங்களுக்குப் போனா நூறு எரநூறு. ஊர்ல ஒருத்தருக்கு அது ஒரு கறவை மாட்டு விலை. அதனால இந்தக் காந்தத்தோட பூர்வீகத்தைக் கொஞ்சம் படிச்சேன். படிச்சதைச் சொல்றேன்.

பாரீஸ்ல ஒரு மரம்

1778-ல மெஸ்மர்னு ஒரு வைத்தியர் வியன்னாவுல இருந்து பாரீஸ் வந்தார். மொதல்ல காந்தத்தை உடம்புல வச்சு வைத்தியம் பண்ணினவர், அப்புறம் காந்தமே வேண்டாம், என் கையிலயே அந்தச் சக்தி இருக்குன்னுட்டார். மனுசனுக்கு மட்டுமில்லை, மரத்துக்கும் அந்தச் சக்தியை ஏத்தலாம், அந்த மரத்தைத் தொட்டாலே நோய் போகும்னு அவர் ஆளுங்க சொன்னாங்க. பாரீஸே அவர் பின்னாடி போச்சு.

1784-ல ராஜா பதினாறாம் லூயி ஒரு விசாரணைக் குழு போட்டார். அதுல இருந்தவங்க சாதாரண ஆளுங்க இல்லை. அமெரிக்காவுல இருந்து தூதரா வந்திருந்த பெஞ்சமின் பிராங்ளின், வேதியியல்ல பெரிய பேரு வாங்கின லவோய்சியர். பிராங்ளினுக்கு அப்ப 78 வயசு, உடம்புக்கு முடியலை. அதனால அவர் வீட்டுத் தோட்டத்துலயே ஒரு சோதனை நடந்துச்சு. மெஸ்மரோட சீடர் ஒருத்தர் அங்க இருந்த ஒரு சர்க்கரை பாதாமி மரத்துக்குச் சக்தி ஏத்தினார். பன்னெண்டு வயசுப் பையன் ஒருத்தனைக் கண்ணைக் கட்டிக் கூட்டிட்டு வந்து, ஒவ்வொரு மரமா கட்டிப்பிடிக்க விட்டாங்க. நாலாவது மரத்துக்கிட்டப் போனதும் பையன் மயங்கி விழுந்துட்டான். ஆனா சக்தி ஏத்தின மரம் அது இல்லை. அது இருபது அடிக்கு மேல தள்ளி இருந்துச்சு.

பையன் பொய் சொல்லலை. நெசமாவே மயங்கினான். மயக்கம் மரத்துல இருந்து வரலை, நம்பிக்கையில இருந்து வந்துச்சு. இந்தக் கண்ணைக் கட்டுற வித்தை இருக்கு பாருங்க, அதுதான் இன்னைக்கு வரைக்கும் மருந்துச் சோதனைக்கெல்லாம் அடிப்படை.

மின்சாரத்துல ஒரு பங்காளி

காந்தத்துக்கு ஒரு பங்காளி உண்டு, மின்சாரம். அதையும் பயிருக்குக் குடுத்துப் பாத்தாங்க. பிரான்ஸ்ல நொல்லேங்கிற பாதிரியார் 1740-களிலயே கடுகு விதைக்கு மின்சாரம் ஏத்தி, சீக்கிரம் முளைக்குதுன்னு எழுதினார். பெர்தொலோன்னு இன்னொரு பாதிரியார் 1783-ல இதுக்குன்னே தனிப் புத்தகம் போட்டார். செடிக்கு வெளிச்சம் எதுக்குன்னு கண்டுபிடிச்சாரே இங்கன்ஹவுஸ், அவர் அதே சோதனையைக் கவனமாத் திரும்பப் பண்ணிட்டு, மின்சாரத்தால ஒண்ணும் மாறலைன்னு சொன்னார்.

நூறு வருசம் கழிச்சு பின்லாந்துல லெம்ஸ்ட்ரோம்னு ஒரு பேராசிரியர். வடதுருவத்துப் பக்கம் வானத்துல பச்சை வெளிச்சம் ஆடுமே, அதை ஆராய்ச்சி பண்ணப் போனவர். அங்க கோடையே ரொம்பக் குறைச்சல், ஆனா மரம் செடியெல்லாம் நல்லா வளருதேன்னு பாத்தார். காத்துல இருக்கிற மின்சாரம்தான் காரணம்னு முடிவு பண்ணி, 1880-களில பார்லி வயலுக்கு மேல கம்பி வலை கட்டி மின்சாரம் விட்டார். விளைச்சல் கூடுச்சுன்னார். அதே புத்தகத்துல, வெயில் கொளுத்தும்போது இதைப் பண்ணினா கெடுதல், தண்ணி சரியா இருக்கணும்னும் எழுதினார். நம்ம ஊர்ல வெயில் கொளுத்தாத மாசம் எதுங்க?

பதினெட்டு வருசம் பாத்த சர்க்கார்

எனக்குப் பிடிச்ச பகுதி இதுதான். முதல் உலகப் போர் சமயத்துல இங்கிலாந்துல சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு. அந்த நாட்டு வேளாண்மைத் துறை 1918-ல மின்சாரப் பயிர் வளர்ப்புக்குன்னே ஒரு குழு போட்டுச்சு. இயற்பியல்காரங்க, பயிர் நூல்காரங்க, மின் பொறியாளர்கள் எல்லாரும் அதுல இருந்தாங்க. வயலுக்கு மேல ஆள் உயரத்துக்குக் கம்பி இழுத்து, பல்லாயிரம் வோல்ட் ஏத்தினாங்க. பிளாக்மேன்னு ஒரு பேராசிரியர் முன்னால நின்னு நடத்தினார். பக்கத்துலயே கம்பி இல்லாத வயலும் வச்சாங்க.

சில வருசம் ஓட்ஸும் பார்லியும் 20 சதவீதம் பக்கம் கூட விளைஞ்சுச்சு. எல்லாருக்கும் சந்தோசம். அடுத்த வருசம் அதே வேலையைப் பண்ணினா ஒண்ணுமில்லை. சில இடத்துல கம்பி போட்ட வயல்லயே குறைச்சல். ஏன் கூடுச்சு, ஏன் குறைஞ்சுதுன்னு யாராலயும் பிடிக்க முடியலை. 1936-ல, இது விவசாயிக்குக் கட்டுப்படியாகாதுன்னு குழுவைக் கலைச்சுட்டாங்க.

இதுல யாரும் ஏமாத்துக்காரங்க இல்லை. பதினெட்டு வருசம் உக்காந்து பாத்து, வரலைன்னு ஒத்துக்கிட்டாங்க. வெள்ளாமை பண்றவனுக்கு இது நல்லாப் புரியும். ஒரே காட்டுல மேவரப்பு ஓரம் ஒரு மாதிரி விளையும், பள்ளத்துப் பக்கம் ஒரு மாதிரி விளையும். ஒரு வருசம் விளைஞ்சதை வச்சு எதையும் சொல்ல முடியாது.

காந்தத்துல கொஞ்சம் உண்மையும் உண்டு

இத்தனை சொன்னதால எல்லாம் பொய்னு நினைச்சுக்காதீங்க. 1960-ல லண்டன்ல ஆடஸ்னு ஒரு தாவர ஆராய்ச்சியாளர், பலமான காந்தம் பக்கத்துல இருந்தா ஆளிவிதை மாதிரிச் சின்னதா இருக்கிற ஒரு கீரை விதையோட வேர் வளைஞ்சு விலகிப் போகுதுன்னு எழுதினார். அப்புறமா அதுக்குக் காரணமும் கிடைச்சுச்சு. வேர் நுனியில மாவுமணி இருக்கு. அது கீழ படியறதை வச்சுத்தான் வேருக்கு எது கீழ, எது மேலன்னு தெரியுது. பலமான காந்தம் அந்த மணியைத் தள்ளிவிடும். வேர் திசை மாறும். ஆனா அதுக்கு வேண்டிய காந்தம் ஆய்வுக்கூடத்துக் காந்தம். கதவுல ஒட்டுற காந்தம் இல்லை.

கனடாவுல லெத்பிரிட்ஜ்ங்கிற ஊர்ல பிட்மேன்னு ஒருத்தர், குளிர்காலக் கோதுமையோட வேர் வடக்கு தெற்காவே ஓடுதுன்னு 1962-ல எழுதினார். விதையைக் காந்தத்துக்கு நடுவுல விட்டு எடுத்து வருசக்கணக்கா விதைச்சும் பாத்தார். பார்லியில சில இடத்துல கூடுச்சு, கோதுமையில நிலையா வரலை. மறுபடியும் அதே கதைதான்.

நம்ம பக்கம் இன்னொரு விசயம் இருக்கு. பூமியே ஒரு காந்தம். அதோட நடுக்கோடு நம்ம தென்கோடி வழியாத்தான் போகுது. திருவனந்தபுரத்துக்குப் பக்கத்துல தும்பாவுல 1963-ல ராக்கெட் விட இடம் பாத்தது அதனாலதான். காந்த ஊசி கனடாவுல தரையைப் பாத்துச் சரியும், கன்னியாகுமரியில படுத்தே கிடக்கும். அப்படி இருக்க, அங்க பாத்ததை இங்க அப்படியே வித்தா எப்படிங்க?

உப்புத் தண்ணிக்கு

குழாயில மாட்டுற காந்தத்துக்கும் வரலாறு உண்டு. பாய்லர்ல பாறை மாதிரி உப்புப் படியறதைத் தடுக்கறதுக்காக 1945-ல பெல்ஜியத்துல இதுக்கு காப்புரிமை வாங்கியிருக்காங்க. உப்பு படியற விதம் மாறுதா இல்லையான்னு இன்னைக்கும் சண்டை போட்டுட்டிருக்காங்க. ஆனா ஒண்ணு நிச்சயம். தண்ணியில கரைஞ்ச உப்பு காந்தத்தைத் தாண்டினதும் காணாமப் போகாது. உள்ள போன உப்பு வெளிய வந்து நம்ம நெலத்துலதான் விழும். வருசா வருசம் சேந்துக்கிட்டே இருக்கும். மண்ணு செத்துப் போனா அதை மீட்க எத்தனை காலம் ஆகும்னு, கரடா போன காட்டைப் பாத்தவங்களுக்குத் தெரியும்.

அதனால யாராவது காந்தத்தோட வந்தா, கோபப்படாம மூணு கேளுங்க. காந்தம் வச்ச பாத்தியைக் காட்டுறீங்களே, பக்கத்துல வைக்காத பாத்தி எங்க? ஒரு போகமா, மூணு போகமா? குழாய்க்கு முன்னாடி ஒரு பாட்டில், பின்னாடி ஒரு பாட்டில் புடிச்சு, மண் பரிசோதனை நிலையத்துல குடுத்து உப்பு அளவு பாத்துட்டு அப்புறம் காசு தரட்டுமா?

மாடித்தோட்டத்துக்காரங்க இன்னும் சுலபமா செய்யலாம். ஒரே மண்ணு, ஒரே விதை, ஒரே வெயில். பத்துத் தொட்டி. அஞ்சுல காந்தத்தைப் புதைங்க, அஞ்சுல அதே அளவு சாதா இரும்புத் துண்டைப் புதைங்க. எதுல எதுன்னு ஒரு சீட்டுல எழுதி வீட்டுல வேற ஒருத்தர்கிட்ட குடுத்துடுங்க. தண்ணி ஊத்துறவருக்கும் அறுக்குறவருக்கும் தெரியக்கூடாது. கீரையை எடை போட்ட பிறகு சீட்டைப் பிரிங்க. பிராங்ளின் தோட்டத்துல பண்ணினதும் இதேதான், செலவு மட்டும் நமக்குக் கம்மி.