சம்பளம் வாங்காத உபதேசியார்கள்: ஜமைக்கா பாப்டிஸ்ட் சபை வளர்ந்த கதை

பாப்டிஸ்ட் மிஷன் வரலாறு என்றாலே நமக்கு வில்லியம் கேரி, 1793, அப்புறம் செராம்பூர் என்றுதான் ஞாபகம் வரும். ஆனால் கேரி கப்பல் ஏறுவதற்குப் பத்து வருஷம் முன்னாடியே ஒருவர் கடல் தாண்டிப் போய்ச் சபை தொடங்கிவிட்டார். அவர் ஜார்ஜ் லைல். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து, விடுதலை பெற்று, 1775-இல் போதகராக அபிஷேகம் பெற்றவர். 1783 வாக்கில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிரசங்கிக்க ஆரம்பித்தார்.

அவருக்குப் பணம் அனுப்ப எந்தச் சங்கமும் கிடையாது. விவசாயம் பார்த்தார், குதிரை வண்டியில் சரக்கு ஏற்றிப் பிழைத்தார். எஜமானின் அனுமதிச் சீட்டு இல்லாமல் எந்த அடிமையையும் சபையில் சேர்ப்பதில்லை என்று எச்சரிக்கையாகவும் இருந்தார். அவர் வழியில் வந்த மோசஸ் பேக்கர் முடிதிருத்தும் தொழில் தெரிந்தவர். தீவின் மேற்கே ஒரு குவேக்கர் முதலாளியின் தோட்டத்து அடிமைகளுக்குப் போதிக்கப் போனார்.

இங்கிலாந்திலிருந்து முதல் பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் ரோ வந்து சேர்ந்தது 1814-இல்தான். இரண்டே வருஷத்தில் அவர் இறந்துபோனார். பிறகு வந்தவர்களும் கொஞ்சம் பேர்தான். கரும்புத் தோட்டங்களோ மலைகளுக்கு நடுவே சிதறிக் கிடந்தன. அப்படியானால் ஆயிரக்கணக்கானவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

இங்கேதான் 'வகுப்புத் தலைவர்' வருகிறார். பெரும்பாலும் அவரும் அடிமைதான். பகலில் வயல் வேலை, இரவில் குடிசையில் ஜெபக்கூட்டம். எழுத்து தெரியாதவர்களுக்கு வசனத்தை வாயால் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்ய வைப்பார். யார் ஞானஸ்நானத்துக்குத் தயார் என்று போதகரிடம் சொல்பவரும் அவரே. உறுப்பினர்களுக்குச் சீட்டு கொடுக்கும் வழக்கம் இருந்தது. அது அவர் கைவழியாகத்தான் போகும். இவர்களுக்கு அதிகாரம் கூடிவிட்டது, மக்கள் சீட்டைத் தாயத்து மாதிரி நினைக்கிறார்கள் என்று மற்ற மிஷன்காரர்கள் குறை சொன்னார்கள். குறையில் கொஞ்சம் உண்மையும் இருந்திருக்கலாம். ஆனால் அந்த ஏற்பாடு இல்லாமல் சபை அவ்வளவு பரவியிருக்காது.

மிஷனரிகளுக்கு லண்டன் இட்டிருந்த கட்டளை, அரசியலில் தலையிடாதே என்பது. ஆனால் வேதத்தைத் தானே வாசிக்கிறவர் அதே எல்லைக்குள் நிற்பாரா? மான்டிகோ பே சபையின் டீக்கன் சாம் ஷார்ப் நிற்கவில்லை. அடிமையான அவர் வேதத்தோடு செய்தித்தாளையும் படித்தார். கிறிஸ்துமஸ் முடிந்ததும் கூலி இல்லாமல் வேலைக்குப் போவதில்லை என்று ஜெபக்கூட்டங்களில் ரகசியமாக உறுதி வாங்கினார். 1831 டிசம்பர் 27 இரவு தோட்டங்கள் எரிய ஆரம்பித்தன. வேலைநிறுத்தம் கலகமாக மாறியது. அடக்குமுறையில் 300-க்கும் மேற்பட்டோருக்கு மரண தண்டனை. ஜெப வீடுகள் இடிக்கப்பட்டன. 1832 மே 23 அன்று ஷார்ப் தூக்கிலிடப்பட்டார். அடுத்த வருஷமே அடிமை ஒழிப்புச் சட்டம் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இந்தக் கலகத்தை விட்டுவிட்டு அந்தக் கதையைச் சொல்ல முடியாது.

இன்றைக்கு ஷார்ப் ஜமைக்காவின் தேசிய வீரர்களில் ஒருவர். அவரோடு இரவுக் கூட்டம் நடத்திய மற்ற தலைவர்களில் பலருக்குப் பெயர்கூட மிஞ்சவில்லை. மிஷனரி கடிதங்களை மட்டும் வைத்துச் சபை வரலாறு எழுதினால், பாடம் சொல்லிக்கொடுத்தவர்களே அதில் விடுபட்டுப் போவார்கள், பாருங்க.