30 ஆண்டுகளாக ஒரே ஆளுநர்: அர்ஜென்டினாவின் ஃபோர்மோசாவில் ஹில்டோ இன்ஸ்ஃப்ரான் தோற்காதது எப்படி?

1995 டிசம்பர் 10 அன்று நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? இதைப் படிக்கும் பலர் அப்போது பிறந்தே இருக்க மாட்டீர்கள். மிஞ்சிப்போனால் பள்ளிக்கூடம். அன்றுதான் அர்ஜென்டினாவின் வடக்கு ஓரத்தில், பராகுவே எல்லையில் இருக்கும் ஃபோர்மோசா மாகாணத்தின் ஆளுநராக ஹில்டோ இன்ஸ்ஃப்ரான் பதவியேற்றார். நடுவில் அர்ஜென்டினா மெனெம், தெ லா ருவா, டுவால்டே, கிர்ச்னர், அவர் மனைவி கிறிஸ்டினா, மக்ரி, ஆல்பர்டோ பெர்னாண்டஸ், மிலே என்று அதிபர்களை மாற்றிக்கொண்டே இருந்தது. 2001 டிசம்பர் நெருக்கடியில் இரண்டே வாரத்தில், பொறுப்பு அதிபர்களையும் சேர்த்தால், ஐந்து பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள். ஃபோர்மோசாவில் மட்டும் நாற்காலியும் அதே, ஆளும் அதே.

முதலில் ஒரு சொல் விளக்கம். நம் ஊரில் ஆளுநர் என்றால் டெல்லி நியமிப்பவர். அர்ஜென்டினாவில் அப்படி இல்லை. அங்கே 23 மாகாணங்களிலும் ஆளுநரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், பதவிக்காலம் 4 ஆண்டு. காவல் துறை, பள்ளிகள், மருத்துவமனைகள், மாகாண பட்ஜெட் எல்லாம் அவர் கையில். ஆகவே இந்தக் கட்டுரை முழுக்க 'ஆளுநர்' என்று வரும் இடத்தில் 'முதலமைச்சர்' என்று மனதில் வைத்துக்கொண்டு படித்தால் சரியாக இருக்கும்.

கால்நடை மருத்துவர் டு ஆளுநர்

இன்ஸ்ஃப்ரான் 1951இல் லகுனா பிளாங்கா என்ற சிற்றூரில் பிறந்தவர். படித்தது கால்நடை மருத்துவம். 1983இல் ராணுவ ஆட்சி முடிந்து தேர்தல் திரும்பியதும் மாகாண சட்டமன்றத்துக்குப் போனார். கட்சி, பெரோனியக் கட்சி. (அதன் அதிகாரபூர்வப் பெயரை மொழிபெயர்த்தால் கிட்டத்தட்ட 'நீதிக் கட்சி' என்று வரும். நம்ம நீதிக் கட்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) 1987இலிருந்து 8 ஆண்டுகள், விசென்டே ஹோகா ஆளுநராக இருந்தபோது இவர் துணை ஆளுநர். 1995இல் ஹோகா விலக, இவர் ஏறினார்.

அதன் பிறகு 1999, 2003, 2007, 2011, 2015, 2019, 2023 என்று வரிசையாக வெற்றி. இப்போது நடப்பது எட்டாவது பதவிக்காலம். 2019லும் 2023லும் அவர் பெற்ற வாக்கு சுமார் 70 சதவீதம்.

ஒரு மாகாணத்தில் ஒருவரே எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளுநராகலாமா என்று நீங்கள் கேட்கலாம். 2003இல் ஃபோர்மோசா தன் அரசியலமைப்பைத் திருத்தி, மறுதேர்வுக்கு இருந்த வரம்பை எடுத்துவிட்டது. அர்ஜென்டினாவில் ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனி அரசியலமைப்பு உண்டு, அதனால் இது சாத்தியம். நாட்டின் அதிபருக்கே தொடர்ந்து இரண்டு முறைதான். ஆளுநருக்கு எல்லையே இல்லை.

இன்னொரு கருவி 'லேமா சட்டம்'. ஒரே அணியின் கீழ் பல பட்டியல்கள் போட்டியிடலாம், எல்லாவற்றின் வாக்குகளும் கடைசியில் அந்த அணியின் கணக்கில் சேரும். உள்ளூர்த் தலைவர்கள் ஒருவரை ஒருவர் எதிர்த்து வியர்வை சிந்தினாலும் பலன் மேலே போய்ச் சேர்ந்துவிடும். கோஷ்டிப் பூசலையே வாக்காக மாற்றும் ஏற்பாடு இது!

பணம் எங்கிருந்து வருகிறது?

சட்டத்தை மட்டும் வைத்து 30 ஆண்டு ஓட்ட முடியாது. என்னைக் கேட்டால், இன்ஸ்ஃப்ரானைப் புரிந்துகொள்ள அவருடைய பேச்சுகளைவிட மாகாண பட்ஜெட்டின் வரவுப் பக்கம்தான் உதவும்.

அர்ஜென்டினாவில் முக்கிய வரிகளை மத்திய அரசு வசூலித்து மாகாணங்களுக்குப் பிரித்துத் தருகிறது. பிரிக்கும் விகிதத்தை நிர்ணயித்தது 1988ஆம் ஆண்டுச் சட்டம். இந்தியாவில் நிதிக்குழு ஐந்தாண்டுக்கு ஒருமுறை உட்கார்ந்து பங்கை மாற்றி எழுதுகிறது, தென் மாநிலங்கள் சண்டை போடுகின்றன இல்லையா? அங்கே அந்த வாய்ப்பே வரவில்லை. 1996 முடிவதற்குள் புதிய பகிர்வுச் சட்டம் வேண்டும் என்று 1994இல் திருத்தப்பட்ட தேசிய அரசியலமைப்பு கட்டளையிட்டது. இன்றுவரை அது வரவில்லை.

அந்தப் பழைய விகிதப்படி மாகாணங்களுக்கான பங்கில் ஃபோர்மோசாவுக்குச் சுமார் 3.7 சதவீதம். மக்கள்தொகை? 2022 கணக்கெடுப்பில் சுமார் 6 லட்சம், அதாவது நாட்டின் 1.3 சதவீதம். தலைக்குத் தலை பார்த்தால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பின்தங்கிய மாகாணத்துக்குக் கூடுதல் நிதி தருவது தவறே இல்லை, அதற்குத்தான் வரிப் பகிர்வே. அடுத்த எண்ணில்தான் சிக்கல்: ஃபோர்மோசா அரசின் வருவாயில் 90 சதவீதத்துக்கு மேல் மத்தியிலிருந்து வருவது. தன் மக்களிடமிருந்து மாகாணம் திரட்டுவது மிகச் சொற்பம்.

இதன் அரசியல் விளைவை விளக்கியவர் அர்ஜென்டின அரசியல் அறிஞர் கார்லோஸ் ஹெர்வாசோனி. எண்ணெய் வள நாடுகளைப் பற்றிச் சொல்லப்படும் வாதத்தை அவர் மாகாணங்களுக்குப் பொருத்தினார். வரி கட்டுபவன் கணக்குக் கேட்பான். வரி வாங்காமலே பணம் வரும் அரசு யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேலே இருந்து வரும் பணம் அரசு வேலையாக, ஒப்பந்தமாக, விளம்பரமாக, உதவித் தொகையாகக் கீழே இறங்குகிறது. தனியார் துறை சிறியதாக இருக்கும் ஊரில், வேலையும் ஆளுநரிடம், விளம்பரமும் ஆளுநரிடம் என்றால், எதிர்த்துப் பேசுவதற்கு ஆகும் செலவு அதிகம். வாக்குப் பெட்டியில் கை வைக்காமலேயே ஜெயிக்கலாம்.

டெல்லி மாதிரி புவெனஸ் அயர்ஸ் இதைத் தட்டிக் கேட்காதா? கேட்காததற்கும் காரணம் எண்ணிக்கைதான். செனட்டில் மாகாணம் பெரிதோ சிறிதோ, ஆளுக்கு 3 இடம். கீழவையிலும் குறைந்தபட்சம் 5. புவெனஸ் அயர்ஸ் மாகாணத்தில் சுமார் 2.5 லட்சம் பேருக்கு ஒரு கீழவை உறுப்பினர், ஃபோர்மோசாவில் சுமார் 1.2 லட்சம் பேருக்கே ஒருவர். மசோதா நிறைவேற வேண்டிய எந்த அதிபருக்கும் இந்தச் சின்ன மாகாண வாக்குகள் தேவை. அந்த வாக்குகள் பெரும்பாலும் ஆளுநரின் சொல்படி நடக்கும்.

சாலையும் வந்தது, லத்தியும் வந்தது

நேர்மையாகச் சொன்னால், அவருக்கு வாக்களிப்பவர்கள் எல்லோரும் பயந்தோ வாங்கியோ போடவில்லை. மாகாணத்தைக் கிழக்கு மேற்காகக் கடக்கும் 81ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை முழுக்கத் தார்ச் சாலையானது அவர் காலத்தில். தலைநகரில் உயர்சிகிச்சை மருத்துவமனை வந்தது, கிராமங்களில் பள்ளிகள் வந்தன. இதைத்தான் 'ஃபோர்மோசா மாடல்' என்று அவர் தரப்பு பெருமையாகச் சொல்கிறது. ஆனாலும் கணக்கெடுப்புகளில் அடிப்படைத் தேவைகள் நிறைவேறாத குடும்பங்கள் அதிகமுள்ள மாகாணங்களின் முன்வரிசையில் ஃபோர்மோசா தொடர்ந்து இருக்கிறது.

2010 நவம்பரில், அவர் பிறந்த லகுனா பிளாங்காவுக்கு அருகே லா பிரிமாவேரா என்ற இடத்தில், நில உரிமை கேட்டுச் சாலை மறித்த கோம் பழங்குடிகளைக் காவல் துறை கலைத்தது. பழங்குடி ஒருவரும் காவலர் ஒருவரும் உயிரிழந்தார்கள். அவர்களின் தலைவர் ஃபெலிக்ஸ் தியாஸ் தன் மக்களோடு புவெனஸ் அயர்ஸ் நகரின் நடுவே கூடாரம் அடித்து மாதக்கணக்கில் உட்கார்ந்தார்.

அடுத்தது கோவிட். ஃபோர்மோசா தன் எல்லையை மூடியது. வெளியூரில் மாட்டிக்கொண்ட சொந்த மாகாண மக்களே வீடு திரும்ப அனுமதிக்காகப் பல மாதம் காத்திருந்தார்கள். 2020 அக்டோபரில் ஓர் இளைஞர், தன் மகளைப் பார்க்க பெர்மெஹோ ஆற்றை நீந்திக் கடக்க முயன்று மூழ்கி இறந்தார். அடுத்த மாதம் உச்ச நீதிமன்றம் தலையிட்டுக் காத்திருந்தவர்களை உள்ளே விடச் சொன்னது. கட்டாயத் தனிமை மையங்களின் நிலையை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் கண்டித்தது. 2021 மார்ச்சில் ஊரடங்கை எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்கள் மீது ரப்பர் குண்டுகள் பாய்ந்தன. அதற்குப் பிறகு வந்த 2023 தேர்தலில்தான் மேலே சொன்ன 70 சதவீதம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

நீதிமன்றம் போட்ட கோடு

2023 மே மாதம் சான் ஹுவான், துகுமான் மாகாணங்களில் ஆளுங்கட்சி வேட்பாளர்களின் மறுதேர்வு முயற்சியை உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. ஃபோர்மோசா எதிர்க்கட்சியும் வழக்குப் போட்டது, ஆனால் அந்த ஜூன் தேர்தலை நீதிமன்றம் தடுக்கவில்லை. தீர்ப்பு வந்தது 2024 டிசம்பர் 19. மாகாணங்களுக்குத் தன்னாட்சி உண்டு, ஆனால் ஆட்சி முறை குடியரசு முறையாக இருந்தாக வேண்டும். வரம்பற்ற மறுதேர்வு அதற்கு எதிரானது, செல்லாது என்றது நீதிமன்றம்.

இன்ஸ்ஃப்ரான் என்ன செய்தார்? அரசியலமைப்பைத் திருத்துவதற்கான மன்றத்துக்குத் தேர்தல் வைத்தார். 2025 ஜூன் 29 அன்று நடந்த அந்தத் தேர்தலில் அவர் அணிக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு. திருத்தத்தை எழுதும் பெரும்பான்மையும் அவரிடமே. புதிய விதி: ஒரே ஒரு மறுதேர்வு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எண்ணத் தொடங்குவது எங்கிருந்து? 1995இலிருந்து நடந்ததை விட்டுவிட்டு, இப்போது ஓடும் எட்டாவது பதவிக்காலத்தையே 'முதலாவது' என்று கொள்ள இடைக்கால விதி ஒன்று சேர்க்கப்பட்டது.

அந்தக் கணக்குப்படி 2027 தேர்தலில் அவர் மீண்டும் நிற்கலாம். அப்போது அவருக்கு 76 வயது இருக்கும்.