குறைத்த எடை, ஒருநாள் விருந்து, மறுநாள் குற்ற உணர்ச்சி: என்ன செய்யலாம்?

தீபாவளிக்கு மறுநாள் காலை. பல் துலக்குவதற்கு முன்பே எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி நிற்கிறீர்கள். முந்தாநாள் 68.2 கிலோகிராம். இன்று 69.9.

பத்து மாதம் பாடுபட்டு 11 கிலோ குறைத்தவர் நீங்கள். நேற்று மூன்று வீடுகளுக்குப் போனீர்கள். அத்தை வீட்டில் ஆட்டிறைச்சிப் பிரியாணி. நண்பர் வீட்டில் மீண்டும் பிரியாணி. "ஒன்னே ஒன்னு" என்று எடுத்த அதிரசம் நாலில் போய் நின்றது.

இயந்திரத்தில் எண்ணைப் பார்த்ததும் மனசு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: எல்லாம் போச்சு.

அதற்குத் தண்டனையாகக் காலையும் மதியமும் சாப்பிடுவதில்லை என்று முடிவெடுக்கிறீர்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பசி தாங்கவில்லை. சமையலறையில் முறுக்கு டப்பா கண்ணில் படுகிறது. "எப்படியும் கெட்டுப்போச்சு, திங்கட்கிழமையிலிருந்து பார்த்துக்கலாம்." டப்பா காலி.

இது உங்களுக்குத் தெரிந்த கதையாக இருந்தால், எடை குறைப்பதில் பலரும் சறுக்கும் இடத்தில்தான் நீங்களும் நிற்கிறீர்கள். நேற்றைய நாலு அதிரசத்தைவிட, இன்று மாலை காலியான அந்த முறுக்கு டப்பாவைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

அந்த 1.7 கிலோ எங்கிருந்து வந்தது?

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். உடலில் ஒரு கிலோ கொழுப்பு சேர, தேவைக்கு மேல் சுமார் 7,700 கலோரி வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அப்படிப் பார்த்தால் 1.7 கிலோ கொழுப்புக்கு ஏறக்குறைய 13,000 கலோரி. வழக்கமான சாப்பாட்டை முழுவதும் சாப்பிட்டு, அதற்கு மேல் ஆறேழு நாள் உணவை ஒரே நாளில் சாப்பிட்டால்தான் அது நடக்கும். மூன்று வீடு போதாது!

அப்படியென்றால் அது என்ன? பெரும்பாலும் தண்ணீர்.

சோறு, மாவுப் பண்டம், இனிப்பு ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் மாவுச்சத்தின் ஒரு பகுதியை உடல் கிளைகோஜன் என்ற வடிவத்தில் தசைகளிலும் கல்லீரலிலும் சேமித்து வைக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் சுமார் 3 கிராம் தண்ணீரைக் கூடவே பிடித்து வைத்துக்கொள்ளும். எடை குறைக்கிறவர்கள் உடலில் இந்தச் சேமிப்பு வழக்கத்தைவிடக் குறைவாக இருப்பதால், ஒரு விருந்து சாப்பிட்டதும் அது 'மளமள'வென நிரம்பும். பிரியாணியிலும் ஊறுகாயிலும் முறுக்கிலும் உள்ள உப்பு தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கும். குடலில் செரிமானமாகிக்கொண்டிருக்கும் உணவுக்கும் ஓர் எடை உண்டு.

நேற்று உண்மையிலேயே 1,000 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டிருந்தாலும், கொழுப்பாகச் சேர்வது சுமார் 130 கிராம். ஒரு சின்ன ஆப்பிளின் எடை. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் மற்றதெல்லாம் சில நாளில் தானாக இறங்கிவிடும்.

ஆறுதல் சொல்லிவிட்டு உண்மையை மறைக்கக்கூடாது. சிங்கப்பூரில் தீபாவளி ஒருநாளில் முடிகிறதா என்ன? அடுத்தடுத்த வார இறுதிகளில் விருந்துபசரிப்புகள். பிறகு கிறிஸ்துமஸ், பொங்கல், சீனப் புத்தாண்டுக்கு அலுவலகத்தில் அன்னாசிப்பழ டார்ட், நோன்புப் பெருநாளுக்கு அண்டைவீட்டார் கொடுக்கும் பலகாரம். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, பண்டிகைக் காலத்தில் மக்களுக்குக் கூடும் எடை சராசரியாக அரை கிலோவுக்கும் குறைவு என்று கண்டது. கேட்க நிம்மதியாக இருக்கிறது. ஆனால் அந்த எடை அடுத்த ஆண்டு முழுவதும் இறங்கவில்லை என்பதையும் அதே ஆய்வு சொன்னது. பத்து ஆண்டு அப்படிப் போனால் என்னவாகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

குற்ற உணர்ச்சி இருந்தால்தானே கட்டுப்பாடு வரும்?

பலரும் அப்படித்தான் நம்புகிறோம். பிள்ளைகளைத் திட்டினால்தான் படிப்பார்கள் என்பது போல, நம்மை நாமே திட்டிக்கொண்டால்தான் வாயைக் கட்டுவோம் என்று. ஆய்வுகள் காட்டுவது வேறு.

1975இல் ஹெர்மன், மேக் எனும் இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினர். சுவை பார்க்கும் சோதனை என்று சொல்லி மாணவிகளை அழைத்தார்கள். சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுக்கப்பட்டது, சிலருக்கு இல்லை. பிறகு எல்லாருக்கும் ஐஸ்கிரீம்; எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். உணவுக் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், மில்க் ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். வயிறு நிரம்பியிருந்தது, அவ்வளவுதான். கட்டுப்பாட்டில் இருந்தவர்களோ மில்க் ஷேக் குடித்த பிறகு இன்னும் அதிகமாக ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள்!

உளவியலாளர்கள் இதற்கு வைத்த ஆங்கிலப் பெயர் கொஞ்சம் கரடுமுரடானது. தமிழில் நமக்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: "போனது போச்சு." விதி உடைந்துவிட்டது, இனி எதைக் காப்பாற்ற என்ற எண்ணம். விதி எவ்வளவு கண்டிப்பானதோ அவ்வளவு சீக்கிரம் அது உடையும், உடைந்த பிறகு அவ்வளவு வேகமாகக் கை டப்பாவுக்குள் போகும்.

நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் நடந்த இன்னோர் ஆய்வு 2014இல் வெளியானது. "சாக்லெட் கேக் என்றதும் உங்களுக்கு எது நினைவுக்கு வருகிறது, குற்ற உணர்ச்சியா, கொண்டாட்டமா?" என்று கேட்டார்கள். குற்ற உணர்ச்சி என்று சொன்னவர்களுக்கு ஆரோக்கியமாகச் சாப்பிடும் எண்ணம் மற்றவர்களைவிட அதிகமாக இல்லை. தங்கள் சாப்பாடு தங்கள் கட்டுப்பாட்டில் இருப்பதாக அவர்கள் குறைவாகவே உணர்ந்தார்கள். 18 மாதங்களில் எடையைத் தக்கவைத்துக்கொள்வதிலும் பின்தங்கினார்கள்.

ஓர் ஆய்வை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்துவிட முடியாது. ஆனால் 2007இல் வந்த இன்னொன்று இதோடு பொருந்துகிறது. உணவுக் கட்டுப்பாட்டில் இருந்த பெண்களுக்கு டோநட் கொடுத்தார்கள். பிறகு அவர்களில் சிலரிடம் மட்டும், "எல்லாரும்தான் சில சமயம் இப்படிச் சாப்பிடுகிறார்கள், உங்களை நீங்களே கடிந்துகொள்ளாதீர்கள்" என்ற பொருள்பட இரண்டு வார்த்தை பேசினார்கள். அடுத்து மிட்டாய் வைத்தபோது, அந்த ஆறுதல் வார்த்தையைக் கேட்டவர்கள்தான் குறைவாகச் சாப்பிட்டார்கள்.

ஆக, தன்னிடம் கனிவாக இருப்பவர் கட்டுப்பாடில்லாமல் போய்விடுவார் என்ற பயம் தேவையில்லை.

மனவுறுதி இல்லாததால்தான் இப்படி ஆகிறதா?

இல்லை. எடை குறைந்த உடல், இழந்ததை மீட்கப் பார்க்கும். மெல்பர்ன் ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில் 50 பேர் பங்கேற்றனர். மிகக் குறைந்த கலோரி உணவில் அவர்கள் சராசரியாகச் சுமார் 13 கிலோ குறைத்தார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடியது, போதும் என்று சொல்லும் லெப்டின் குறைந்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் அவை பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

அதாவது, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அதே பிரியாணியைச் சாப்பிடும் அண்ணனுக்கு இருக்கும் பசியும் உங்கள் பசியும் ஒன்றல்ல. அவர் ஒரு தட்டில் நிறுத்துவதைப் பார்த்து வெட்கப்பட வேண்டியதில்லை.

சரி, மறுநாள் என்ன செய்வது?

அடுத்த வேளை சாப்பாட்டை வழக்கம்போலச் சாப்பிடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரி மட்டும் நினைவில் நிற்குமென்றால் அது இதுவாக இருக்கட்டும். காலையில் இரண்டு இட்லி, சாம்பார், ஒரு முட்டை. மதியம் சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்லும் அதே தட்டு: பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு தவிடு நீக்காத தானியம், கால் பங்கு மீன், கோழி, பருப்பு போன்ற புரதம். பட்டினி வேண்டாம். மதியம் கிடந்த பட்டினிதான் மாலையில் டப்பாவைத் திறக்கிறது.

நீரிழிவுக்கு இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் சிலவகை மாத்திரைகளோ எடுப்பவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். "நேத்து நிறையச் சாப்பிட்டேன், இன்னைக்கு விரதம்" என்று வேளையைத் தவிர்த்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். மருந்தையும் நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

நடக்கப் போங்கள், ஆனால் அபராதம் கட்டுவதற்காக அல்ல. "ஒரு அதிரசத்துக்கு எத்தனை கிலோமீட்டர்?" என்று கணக்குப் பார்த்து ஓடுபவர்களுக்கு நாளடைவில் ஓட்டமே பிடிக்காமல் போய்விடும்.

எடை இயந்திரம்? இரண்டு விதமானவர்கள் இருக்கிறார்கள். எண்ணைப் பார்த்தால் நிதானமாக இருக்கக்கூடியவர்கள் தொடர்ந்து பார்க்கலாம். அமெரிக்காவில் 1994இல் தொடங்கப்பட்ட எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேடு ஒன்று, 13 கிலோவுக்கு மேல் குறைத்து ஓராண்டாவது அதைத் தக்கவைத்தவர்களைத் தொடர்ந்து கவனித்து வருகிறது. அவர்களில் பெரும்பாலோர் வாரத்துக்கு ஒருமுறையாவது எடை பார்ப்பவர்கள். வார நாள், வார இறுதி என்று பெரிய வித்தியாசம் காட்டாமல் சாப்பிடுகிறவர்கள் எடையைத் தக்கவைக்கும் வாய்ப்பு அதிகம் என்பதும் அந்தப் பதிவேட்டிலிருந்து தெரியவந்தது. எண்ணைப் பார்த்தாலே நாள் முழுக்க மனசு கெட்டுவிடும் என்றால், விருந்துக்குப் பிறகு நாலைந்து நாள் இயந்திரத்தை அலமாரிக்குள் வைத்துவிடுங்கள்.

மிச்சமிருக்கும் பலகாரத்தைக் கண் படாத இடத்தில் வையுங்கள், இல்லையேல் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். (எங்கள் செய்தி அறைக்குக் கொண்டுவருவது தீர்வல்ல. தீபாவளி முடிந்த வாரம் ஆளுக்கொரு டப்பா கொண்டுவந்து, அடுத்தவர் டப்பாவைத் திறந்து உட்கார்ந்திருப்போம். எனக்கு அந்த மேசை பக்கம் போகவே பயம்.)

அடுத்த விருந்துக்கு முன்னால்...

பாட்டி செய்முறையில் அம்மா சுடும் அதிரசம் வருஷத்துக்கு ஒருமுறை. கடையில் வாங்கி வைத்த பிஸ்கட் வருஷம் முழுக்கக் கிடைக்கும். இரண்டுக்கும் வயிற்றில் ஒரே இடத்தைக் கொடுக்காதீர்கள். உங்களுக்கு உண்மையிலேயே பிடித்ததைத் தேர்ந்தெடுத்து, தட்டில் வைத்து, உட்கார்ந்து, பேசிக்கொண்டே சாப்பிடுங்கள். நின்றுகொண்டே, டப்பாவிலிருந்து, யாரும் பார்க்காதபோது சாப்பிட்டதுதான் பிறகு உறுத்தும்.

குடிப்பதில் விட்டுக்கொடுப்பது சுலபம். நியூட்ரி-கிரேட் முத்திரையில் 'டி' என்றால் 100 மில்லிலிட்டருக்கு 10 கிராமுக்கும் மேல் சர்க்கரை. பண்டுங்குக்குப் பதில் தண்ணீர், தே-க்குப் பதில் தே-ஓ கொசொங் என்று போனால் பிரியாணிக்கு இடம் கிடைக்கும்.

'சீட் டே' என்ற சொல்லையும் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. யாரை ஏமாற்றுகிறோம்? சொந்தக்காரர் வீட்டில் சாப்பிடுவது திருட்டு என்றால், சாப்பிட்டு முடித்ததும் திருடன் போலத்தான் உணர்வோம்.

சொந்தக்காரர்களைச் சமாளிப்பது தனிக் கலை. "என்னடா இப்படி எளச்சுப் போய்ட்ட, சுகரா?" என்று கேட்கும் அதே அத்தை, அடுத்த வருஷம் "கொஞ்சம் வெயிட் போட்ட மாதிரி இருக்கே" என்பார். இரண்டுமே அவர் பாஷையில் நலம் விசாரிப்புதான். இரண்டாவது தட்டை மறுப்பது நம் வீடுகளில் அன்பை மறுப்பது போல. "வேண்டாம், டயட்" என்று சொன்னால் அரைமணி நேரம் விவாதம் நடக்கும். "ரொம்ப நல்லா இருக்கு அத்தை, நாளைக்கும் சாப்பிடணும், கொஞ்சம் டப்பால போட்டுக் குடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கும் சந்தோஷம், உங்களுக்கும் மூச்சுவிட நேரம்.

எப்போது உதவி தேட வேண்டும்?

விருந்துக்குப் பிறகு கொஞ்சம் உறுத்துவது வேறு. சாப்பிட்டதை வேண்டுமென்றே வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை போடுவது, நாள்கணக்கில் பட்டினி கிடப்பது, கட்டுப்படுத்த முடியாமல் மறைந்திருந்து நிறையச் சாப்பிடுவது, சாப்பாட்டுக்குப் பயந்து திருமண விருந்துகளையும் நண்பர்களையும் தவிர்ப்பது ஆகியவை வேறு. இவை உணவுண்ணல் கோளாறின் அறிகுறிகளாக இருக்கலாம். ஒல்லியாக இருக்கும் இளம்பெண்களுக்கு மட்டும்தான் இது வரும் என்பது தவறான எண்ணம். ஆண்களுக்கும் வரும், நடுத்தர வயதினருக்கும் வரும், பார்ப்பதற்குச் சரியான எடையில் இருப்பவர்களுக்கும் வரும். "டயட்ல இருக்கா, நல்லதுதானே" என்று வீட்டில் பாராட்டப்படுவதாலேயே பல மாதங்கள் வெளியில் தெரியாமல் போய்விடுகிறது.

உங்கள் குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ முதலில் பேசலாம். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் உணவுண்ணல் கோளாறுகளுக்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. யாரிடமாவது இப்போதே பேச வேண்டும் போலிருந்தால் 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம். பேசும்போது எத்தனை கிலோ என்பதிலிருந்து தொடங்க வேண்டாம். சாப்பிட்ட பிறகு என்ன தோன்றுகிறது, பிறகு என்ன செய்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.