உவர்மண் வளர்த்த கைத்தொழில்கள்: எளாவூர், பழவேற்காட்டு ஏரிக்கரையின் வரலாறு

தமிழகத்தின் வடகிழக்கு எல்லையில், சென்னை–கூடூர் இருப்புப்பாதையில் அமைந்த எளாவூர், வயல்நிலம் முடிந்து உவர்நிலம் தொடங்கும் இடத்தில் இருக்கும் ஊர். அதற்குக் கிழக்கே பரந்து கிடக்கும் பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். வடக்கே காளங்கி, தெற்கே ஆரணி ஆகிய ஆறுகள் கொண்டுவரும் நன்னீரும், முகத்துவாரங்கள் வழியாக நுழையும் கடல்நீரும் கலக்கும் இந்த ஏரியை, ஸ்ரீஹரிகோட்டா என்னும் நீண்ட மணல்தீவு வங்கக்கடலிலிருந்து பிரிக்கிறது. மணல், கிளிஞ்சல், உவர்நீர், பனை ஆகிய நான்குமே இந்நிலத்தின் முதல்கள். இன்று ஒளிப்படக் கலைஞர்களை இங்கு ஈர்ப்பது இந்நிலத்தின் தோற்றம். ஆனால் அதற்கு முன்பு பல நூற்றாண்டுகளாக இங்கு வாழ்ந்த கைவினைஞர்கள் நிலத்தின் தோற்றத்தை மட்டுமல்லாது நிலத்தையே எடுத்துக் கையாண்டு, துணியாகவும் சுவராகவும் பெட்டியாகவும் மாற்றினார்கள். ஆகவே இவ்வட்டாரத்துக் கைத்தொழில்களின் வரலாறு, அடிப்படையில் இந்த மண்ணின் வரலாறேயாகும்.

இத்தொழில்களுள் உலகறிந்தது சாயத்துணி. சோழமண்டலக் கரையின் மணற்பாங்கான நிலங்களில் சாயவேர் என்றொரு சிறுசெடி வளர்கிறது. மெல்லியதாகவும் நீளமாகவும் மணலுக்குள் இறங்கும் அதன் வேர்ப்பட்டையில்தான் சிவப்புச் சாயம் தங்கியிருக்கிறது. வேரைத் தோண்டியெடுத்து உலர்த்தி, இடித்துப் பொடியாக்கி நீரில் கலந்து, கடுக்காய்ச் சாற்றிலும் படிகாரத்திலும் முன்னரே பதப்படுத்திய நூலையோ துணியையோ அதில் இட்டு மெல்லக் காய்ச்சுவார்கள். படிகாரம் சாயத்தை நூலில் பிணைத்து நிறுத்துவதால், எத்தனை முறை வெளுத்தாலும் அச்சிவப்பு மங்குவதில்லை. கண்டங்கள் கடந்து வணிகர்கள் இத்துணியைத் தேடி வந்ததற்கு இந்த உறுதியே முதற்காரணம்.

டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் காலூன்றியதும் இத்துணியை நாடித்தான். மிளகும் கிராம்பும் சாதிக்காயும் விளைந்த இந்தோனேசியத் தீவுகளில் பணத்தைவிடச் சோழமண்டலத் துணிக்கே மதிப்பு மிகுதி என்பதை அறிந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, விஜயநகர அரசரிடம் உரிமை பெற்று, 1613இல் இங்கு கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டியது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை, சோழமண்டலக் கரை முழுவதிலும் டச்சு வணிகம் இங்கிருந்தே நடந்தது. 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான பிலிப்பஸ் பால்டேயஸின் நூலில் இக்கோட்டையின் செதுக்கோவியம் இடம்பெற்றது. ஒளிப்படம் தோன்றுவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக முன்பே பழவேற்காட்டின் தோற்றம் ஐரோப்பிய வாசகர் கண்ணில் பட்டுவிட்டது. கோட்டை இன்று இடிந்து மண்மூடிக் கிடக்கிறது. அருகே டச்சுக் கல்லறைகளில், கருங்கல்லில் குலச்சின்னங்களும் எழுத்துகளும் நுட்பமாகச் செதுக்கப்பட்ட பலகைகள், இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் எஞ்சியுள்ளன.

பழவேற்காட்டுக் கட்டம்போட்ட கைக்குட்டைகள் ஐரோப்பியச் சந்தையில் ஊரின் பெயரையே தம் பெயராகப் பெற்றன; பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தின் நெசவாளர்கள் அவற்றைப் பார்த்து நெய்து அதே பெயரில் விற்கும் அளவுக்கு அவற்றின் புகழ் வளர்ந்திருந்தது. பழவேற்காட்டை ஆங்கிலேயர் 1825இல் நிலையாகப் பெற்றனர். வணிகம் அதற்கு முன்பே சென்னையை நோக்கி நகர்ந்துவிட்டது. 1868இல் ஜெர்மானிய வேதியியலாளர்கள் இதே வகைச் சிவப்பின் முதன்மைப் பொருளான அலிசரினைச் செயற்கையாக உருவாக்கியதும், ஆலைச்சாயத்தின் மலிவுக்கு முன் சாயவேர் நிற்க முடியவில்லை. செடி மண்ணில் இருந்தது. அதைத் தோண்டுவோர்க்குக் கூலி இல்லாமற் போனது.

இந்நிலம் தந்த இரண்டாவது தொழில் சுண்ணாம்பு. ஏரியின் அடியிலும் கரையிலும் நெடுங்காலமாகப் படிந்த கிளிஞ்சல்களை வாரியெடுத்துக் கழுவி, கரியோடு மாற்றி மாற்றி அடுக்கிக் காளவாயில் சுட்டு, நீர்தெளித்து நீற்றினால் வெண்மையான சுண்ணாம்பு கிடைக்கும். மணலுடன் சேர்த்து நன்கு அரைத்து, வெல்லநீரும் கடுக்காய்நீரும் முட்டை வெண்கருவும் கலந்து பல பூச்சுகளாகப் பூசிக் கல்லால் தேய்த்து மெருகேற்றிய சுவர்கள் பளிங்குபோல் ஒளிர்ந்தன. சென்னையின் இந்தக் காரைக் கலவையின் செய்முறையை, செயின்ட் ஹெலினா தீவின் ஆளுநராயிருந்த ஐசக் பைக் வழங்கிய குறிப்பாக லண்டன் ராயல் சொசைட்டி தன் இதழில் வெளியிட்டது. 1806 முதல் சென்னையிலிருந்து வடக்கே வெட்டப்பட்டு ஏரியுடன் இணைந்த கால்வாய், 1876–78 பஞ்சகால வேலைகளால் நீட்டிக்கப்பட்டுப் பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர்பெற்றது. அதன்வழியே படகுகள் ஏரிப்பகுதியின் கிளிஞ்சலையும் ஸ்ரீஹரிகோட்டாவின் விறகையும் நகருக்குக் கொண்டு சேர்த்தன. சிமெண்டு பரவியபின் கட்டடத் தொழிலில் கிளிஞ்சல் சுண்ணாம்பின் இடம் சுருங்கியது.

மூன்றாவது தொழில் பனையோலை முடைதல். இன்றும் உயிரோடிருப்பது இதுவே. உவர்ப்பும் மணலும் நிறைந்த நிலத்தில், வேறு மரங்கள் தயங்கும் இடத்திலும் பனை நிலைக்கிறது. விரியாத இளம் ஓலையான குருத்தோலையை வெட்டி, நடுநரம்பாகிய ஈர்க்கை நீக்கி, வெயிலில் வெளிறும்வரை உலர்த்தி, ஒரே அகலக் கீற்றுகளாகக் கிழித்து, சாயம் கொதிக்கும் நீரில் இட்டு நிறமேற்றிய பின்பே முடைதல் தொடங்குகிறது. பழவேற்காட்டு முஸ்லிம் பெண்கள் தலைமுறைகளாக மூடிபோட்ட பெட்டிகளும் கூடைகளும் தட்டுகளும் முடைந்து வருகிறார்கள். அடிப்பாகத்தில் சதுரமாகத் தொடங்கும் பின்னல் மேலேறும்போது வட்டமாக மாறுவது, அளவுகோல் இன்றி விரல்களின் கணக்கிலேயே நிகழ்கிறது. இருளர் பெண்கள் ஆழமில்லாத நீரில் அமர்ந்து, கைகளால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கையில், பிடித்ததை இடும் ஓலைக்கூடையைப் பற்களால் கவ்விக்கொள்கிறார்கள். இரு கைகளும் வேலையில் இருக்கவேண்டிய தொழிலுக்கேற்ற வடிவம் அக்கூடைக்கு வாய்த்திருக்கிறது. நீரின் ஆழமும் சேற்றின் தன்மையும் ஒரு கருவியின் எடையையும் வாயையும் தீர்மானிக்கும் விதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

சாயத்தொழிலும் சுண்ணாம்புத் தொழிலும் தொலைதூரச் சந்தையைச் சார்ந்திருந்ததால் அச்சந்தை மாறியதும் தளர்ந்தன. ஓலைத்தொழில் வீட்டுத் தேவையிலும் ஏரித் தொழிலிலும் வேரூன்றியிருந்ததால் தாக்குப்பிடித்தது. இப்போது இந்நிலத்துக்கு நான்காவது பயனாக ஒளிப்படக்கலை சேர்ந்துள்ளது. 1980இல் ஏரியின் தமிழகப் பகுதி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் ஆழம் குறைந்த நீரில் கூட்டமாக இரைதேடும் பூநாரைகளைப் படமெடுக்கப் பலர் வருகிறார்கள். அப்பறவைகள் வருவதற்கும் கிளிஞ்சல் வளர்வதற்கும் இறால் பெருகுவதற்கும் வேண்டியது ஒன்றே: முகத்துவாரம் திறந்திருந்து, கடல்நீரும் ஆற்றுநீரும் உரிய அளவில் கலக்கவேண்டும். மணல் படிந்து முகத்துவாரம் அடைபடும்போது கோடையில் உப்பின் அளவு உயர்ந்து, ஏரியின் உயிர்கள் அழிகின்றன. பனை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் எனத் தமிழக அரசு 2021இல் அறிவித்தது, ஓலைத்தொழிலின் மூலப்பொருளைக் காக்கும் முறையான தொடக்கம். பயிற்சி நிலையமும் விற்பனைக் கண்காட்சியும் கைவினைஞருக்குத் தேவையானவையே. எனினும் எளாவூரிலிருந்து பழவேற்காடு வரையுள்ள கரையின் கலைகளைக் காப்பதற்கு முகத்துவாரத்தைத் தூர்வாருவதும் பனந்தோப்புகளை நிலைநிறுத்துவதும் முதற்பணிகளாக வைக்கப்பட வேண்டும். மண் நலிந்தால் அதிலிருந்து பிறந்த கைத்திறனைக் கற்றுக்கொடுக்கப் பொருளே இராது என்பதையே இவ்வட்டாரத்தின் நானூறு ஆண்டுத் தொழில்வரலாறு உணர்த்துகிறது.