தையல் ஆலையில் கட்டிய ஜெருசலேம்

மொன்றியலில் சென் லோரான் வீதி வடக்கே ஏறி மைல் எண்ட் பகுதிக்குள் நுழையும் இடத்தில், 5505ஆம் இலக்கத்தில், செங்கல்லால் எழுப்பிய பெரியதொரு கட்டடம் நிற்கிறது. பழைய ஆட்கள் அதைப் பெக் கட்டடம் என்பார்கள். ஜோன் பெக் என்பவரின் ஆயத்த ஆடை நிறுவனத்துக்காக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. உயரமான யன்னல்கள், தூண்களுக்கிடையே அகன்ற தளங்கள். ஊசியில் நூல் கோக்க வெளிச்சம் வேண்டுமல்லவா? இந்த வீதியை ஒட்டித்தான் யூதர்களும் இத்தாலியர்களும் கிரேக்கர்களும் தைத்து வாழ்ந்தார்கள். 1937இல் இந்நகரத்தின் தையல் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்து மூன்று வாரம் தாக்குப்பிடித்தார்கள். பின்னாளில் ஆடைத்தொழில் ஷபனெல் வீதிப் பக்கம் நகர்ந்தது. எண்பதுகளில் வந்திறங்கிய எங்கள் ஆட்கள் பலர் கனடாவின் முதல் சம்பளத்தை வாங்கியது அங்கேதான்.

அந்தப் பெக் கட்டடத்துக்குள் 2007இல் ஒரு ஜெருசலேம் கட்டி முடிக்கப்பட்டது. கூடவே ஒரு டமாஸ்கஸ், ஓர் ஏக்கர். மூன்றும் 1191ஆம் ஆண்டின் நகரங்கள்.

வீடியோ கேம் என்றதும் இதழை மூடிவிடும் வாசகர் கொஞ்சம் பொறுக்கவேண்டும். கேம்களின் கதையை எழுதியவர் யார், இசையமைத்தவர் யார் என்றாவது சிலருக்குத் தெரியும். லெவல் டிசைனர் என்றொருவர் இருப்பது விளையாடுகிறவர்களுக்கே பெரும்பாலும் தெரியாது. கதாபாத்திரம் நடமாடும் இடத்தை அமைப்பவர் அவர். எந்தச் சுவர் எவ்வளவு உயரம், எந்தக் கதவு பூட்டியிருக்கும், எந்த மூலையில் காவலாள் நிற்பான், விளக்கு எங்கே எரியும் என்று தீர்மானிப்பவர். வீடு கட்டும் மேசன் யாரும் தடுக்கி விழக்கூடாது என்று கட்டுகிறார். இவரோ, சரியான இடத்தில் தடுக்கி விழவேண்டும், விழுந்தவன் கோபப்படாமல் மறுபடி எழும்பி வரவேண்டும் என்று கட்டுகிறார்.

இந்தத் தொழில் மொன்றியலுக்கு வந்த கதையே ஒரு விநோதம். நகரத்தில் கணினி வரைகலைக்கு முன்பே வேர் இருந்தது. டானியல் லாங்லுவா 1986இல் தொடங்கிய சொஃப்டிமேஜ் நிறுவனத்தின் மென்பொருள் ‘ஜுராசிக் பார்க்’ படத்தின் டைனோசர்களை அசைத்தது. 1994இல் மைக்ரோசொஃப்ட் அதை வாங்கியது. ஆனால் கேம் தொழிலைக் கொண்டுவந்தவர் நிரலாளரும் அல்ல, கலைஞரும் அல்ல. சில்வாங் வோஜுவா என்ற அரசியல் தரகர். மல்ரிமீடியா நிறுவனங்கள் உருவாக்கும் ஒவ்வொரு வேலைக்கும் அரசு ஆண்டுக்கு 25,000 டொலர் கொடுக்கவேண்டும் என்று ‘மெர்க்குரித் திட்டம்’ ஒன்றைத் தயாரித்தார். கியூபெக் அரசு ஆர்வம் காட்டவில்லை. மனிதர் அசரவில்லை; பணம் இல்லாத அந்தத் திட்டத்தோடு நேரே யூபிசொஃப்ட் என்ற பிரெஞ்சு நிறுவனத்திடம் போனார். அவர்களுக்கு ஆசை வந்துவிட்டது. அயல் மாகாணமான நியூ பிரன்ஸ்விக்கும் இழுக்கத் தொடங்கியது. கடைசியில் கியூபெக்கின் நிதியமைச்சர் பேர்னார் லாண்ட்ரியும் ஒட்டாவாவும் சேர்ந்து, 500 வேலைகளுக்கு ஐந்தாண்டு மானியம் என்று சம்மதித்தார்கள். 1995இன் பிரிவினை வாக்கெடுப்பு நடந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத நேரம். பிரெஞ்சு பேசும் புதுத்தொழில் ஒன்று கியூபெக்குக்குத் தேவைப்பட்டது. கியூபெக்குக்குப் பணம் கொடுப்பது ஒட்டாவாவுக்குத் தேவைப்பட்டது. 1997இல் பெக் கட்டடத்தில் ஸ்ரூடியோ திறக்கப்பட்டது. பிறகு மானியம் வரிச்சலுகையாக மாறி மற்ற நிறுவனங்களுக்கும் கிடைத்தது. கேம் பிரெஞ்சு மொழியிலும் வெளிவந்தால் மேலதிகமாக 7.5 வீதம் என்ற விதி பல ஆண்டுகள் இருந்தது. மொழியைக் காப்பாற்ற மேடைப் பேச்சைவிட இது கெட்டிக்காரத்தனமான வழி என்பது என் எண்ணம்.

முதல் ஆண்டுகளின் கேம்கள் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லாதவை. 2002இன் ‘ஸ்பிளின்ரர் செல்’ வேறு. அதில் நாயகன் ஒளிந்து திரியும் உளவாளி. அதுவரை பெரும்பாலான கேம்களில் விளக்கு என்பது அழகுக்கு. இதிலோ இருட்டுத்தான் பாதை. ஒரு மின்குமிழைச் சுட்டு அணைத்தால் புதிய வழி ஒன்று திறக்கும். ஆகவே லெவல் டிசைனர் சுவரை வைப்பதுபோலவே நிழலையும் அளந்து வைக்கவேண்டியிருந்தது. இதில் ஒரு வேடிக்கை. நாயகனை இருட்டில் வைத்தால் விளையாடுபவனுக்கும் அவன் தெரியமாட்டானே? அதனால் அவன் தலையில் மூன்று பச்சை விளக்குகளை எரியவிட்டார்கள். உலகத்தில் எந்த உளவாளியும் நெற்றியில் விளக்கேற்றிக்கொண்டு ஒளிய மாட்டான். விளையாடுகிறவனுக்கு மட்டும் தெரியும், காவலாளிக்குத் தெரியாது என்ற உடன்படிக்கையில் அது ஓடியது. கூத்தில் எல்லாருக்கும் முன்னால் நின்று ‘நான் மறைந்திருக்கிறேன்’ என்று பாடும் பாத்திரத்தை நாம் ஏற்றுக்கொள்வதில்லையா, அதுபோல.

அந்தக் கேமில் லெவல் டிசைனராக வேலைக்குச் சேர்ந்து வசனமும் எழுதியவர் கிளின்ற் ஹொக்கிங். படைப்பிலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவர். கதை ஒன்று சொல்ல, விளையாட்டு வேறொன்று செய்யவைக்கும் முரணுக்கு 2007இல் அவர் கொடுத்த பெயர் இன்று கேம் விமர்சனத்தில் நிலைத்துவிட்டது. இலக்கியம் படித்தால் வேலை கிடைக்காது என்று பிள்ளைகளைப் பயமுறுத்தும் பெற்றோருக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

இனி ஜெருசலேம். 2003இல் இதே ஸ்ரூடியோ ‘பிரின்ஸ் ஒஃப் பேர்சியா’வைப் புதிதாகச் செய்து பெயர் வாங்கியது. மூல விளையாட்டு 1989இல் ஜோர்டன் மெக்னர் என்ற இளைஞர் அப்பிள் 2 கணினிக்குச் செய்தது. அதில் எதிரி ஒருவனை வரைய நினைவகத்தில் இடம் இல்லாமல், நாயகனின் படத்தையே நிறம் புரட்டி நிழல் மனிதனாக்கினார் அவர். சொந்த நிழலே பகைவன் என்ற அந்த அருமையான கற்பனை பிறந்தது சில கிலோபைட் பற்றாக்குறையில். மொன்றியலில் அடுத்த பாகத்தை இயக்கிய பத்ரீஸ் டெசிலே, இளவரசனைவிட அவனைக் காக்கும் கொலையாளியிடம் கதை இருக்கிறது என்று கண்டார். இளவரசன் ஓரமாகிப்போன இளவரசன் கதை நிறுவனத்துக்கு உவப்பாயில்லை. கடைசியில் பெயரை மாற்றி ‘அசாசின்ஸ் கிரீட்’ ஆக்கினார்கள். ஸ்லோவீனிய எழுத்தாளர் விளாதிமீர் பார்த்தொல் 1938இல் எழுதிய ‘அலமூத்’ நாவலின் சாயல் அதில் உண்டு.

அதுவரை பல கேம்களில் லெவல் என்றால் குழாய்: ஒரு முனையில் புகுந்து மறுமுனையில் வெளியேறுவது. இங்கே நகரம் முழுவதும் ஏறக்கூடியது. சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கல், யன்னல் விளிம்பு, உத்தரம் எல்லாம் படி. அப்படியானால் கட்டடக்கலை அழகு கைக்கு எட்டும் தூரத்துக்குக் கட்டுப்பட்டதாகிறது. எங்கே குதித்தால் உயிர் பிழைக்கலாம் என்பதை எழுதிக் காட்டவில்லை. புறாக்கள் இருக்கும் மரச்சட்டத்தின் கீழே வைக்கோல் வண்டி நிற்கும். புறாவைப் பார்த்துக் குதிக்கலாம். நகரங்களுக்கும் குணம் வைத்தார்கள்: டமாஸ்கஸ் பொன்மஞ்சள், போர் முடிந்த ஏக்கர் நீலச் சாம்பல். சிலுவைப்போர்க் காலத்தை 2007இல், ஈராக் எரிந்துகொண்டிருந்தபோது தொடுகிறோம் என்ற பயமும் இருந்திருக்கவேண்டும். பல மதங்களையும் நம்பிக்கைகளையும் சேர்ந்த குழு ஒன்று செய்த கற்பனைப் படைப்பு என்று தொடக்கத்திலேயே ஓர் அறிவிப்பு வரும்.

அந்தக் குழுவிலிருந்த நிரலாளர் சார்ல்ஸ் ராண்டல் 2020இல் ஒரு சங்கதி சொன்னார். எல்லாம் முடிந்து அனுப்பத் தயாரான வேளையில், தலைமை அதிகாரியின் பிள்ளை விளையாடிப் பார்த்து, செய்ய ஒன்றுமில்லை, அலுக்கிறது என்றதாம். ஐந்தே நாளில் சில்லறைப் பணிகளை ஊரெங்கும் விதைத்தார்களாம். மென்பொருள் ஆலோசகனாக இருபது வருடம் குப்பை கொட்டிய எனக்கு இதில் நம்பமுடியாதது ஒன்றுமில்லை.

2014இன் ‘யூனிற்றி’ பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துப் பாரிஸ். நோத்ர் டாம் தேவாலயத்தை கரோலின் மியூஸ் என்ற லெவல் கலைஞர் நெடுங்காலம் உட்கார்ந்து கல் கல்லாகக் கட்டினார். அதில் தெரிந்தே செய்த ஒரு பிழை உண்டு. உச்சியிலுள்ள கூர்ங்கோபுரம் வியோலே லு துக் வடிவமைத்தது, 1859இல் முடிந்தது. புரட்சிக் காலத்தில் அது அங்கே இருக்க வழியில்லை. அது இல்லாவிட்டால் இன்றைய மனிதருக்கு அது நோத்ர் டாமாகத் தெரியாது என்பதால் வைத்தார்கள். 2019 ஏப்ரல் 15இல் தேவாலயம் எரிந்தபோது யூபிசொஃப்ட் 5 இலட்சம் யூரோ கொடுத்தது; கேமை ஒரு வாரம் இலவசமாகத் திறந்துவிட்டது. கேமின் மாதிரியை வைத்தே திருப்பிக் கட்டப்போகிறார்கள் என்ற கதையும் பரவியது. எங்கள் வட்சப் குழுக்களிலும் வந்தது. உண்மையில் கட்டுபவர்களுக்கு உதவக்கூடிய அளவை எடுத்தவர் அண்ட்ரூ ராலன் என்ற கலை வரலாற்றாசிரியர். லேசர் கருவியால் நூறு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளைப் பதிந்துவைத்து, தீக்கு முந்தைய ஆண்டே இறந்துபோனார்.

எரிந்த கட்டடம் என்றால் எங்களுக்கு ஒன்றுதான் நினைவுக்கு வரும். யாழ்ப்பாண நூலகத்தை ஒரு லெவலாகக் கட்டுவது கடினமில்லை. சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மனின் வடிவம் அது, மறுபடி எழுந்தும் நிற்கிறது. படிகளையும் கூரையையும் தூண்களையும் ஒரு நல்ல கலைஞர் சில மாதத்தில் செய்துவிடுவார். ஆனால் கேமுக்குள் இருக்கும் புத்தக அலுமாரியைக் கிட்டப்போய்ப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு முதுகுகளின் படம் ஒன்று திரும்பத் திரும்ப ஒட்டப்பட்டிருக்கும். 1981இல் எரிந்த சுமார் 97,000 நூல்களுக்கும் ஏடுகளுக்கும் அந்த வித்தை உதவாது.

இந்த இடைவெளியை மொன்றியல்காரர்களும் ஓரளவு உணர்ந்திருந்தார்கள் போலிருக்கிறது. 2018இல், எகிப்தைக் காட்டும் ‘ஒரிஜின்ஸ்’ கேமிலிருந்து சண்டைகளை நீக்கி, ஒரு சுற்றுலாவாக மாணவர்களுக்கு வெளியிட்டார்கள். அதில் ஒரு பள்ளிக்கூடக் காட்சியில் பையன்களும் பெண்பிள்ளைகளும் சேர்ந்திருப்பார்கள். அக்கால வழக்கம் அப்படியில்லை, நாங்கள் விரும்பி மாற்றினோம் என்று சுற்றுலாவே ஒப்புக்கொள்கிறது. சிலைகளின் அந்தரங்க உறுப்புகளைச் சிப்பியால் மூடிய கூத்தும் அதே சுற்றுலாவில்தான் நடந்தது. வரலாற்றுக்கு எத்தனை எசமானர்கள் பாருங்கள்.

பெக் கட்டடத்தின் இன்னொரு நகரத்தின் பெயர் நியோ ஆர்க்கேடியா. ‘ஹைப்பர் ஸ்கேப்’ என்ற இணையவழிக் கேமுக்காக அதே ஸ்ரூடியோ கட்டியது. 2020 ஓகஸ்டில் திறந்தார்கள். ஆட்கள் போதிய அளவு வரவில்லை. 2022 ஏப்ரல் 28இல் சேர்வர்களை நிறுத்தினார்கள். ஜெருசலேமின் கூரைகளில் இன்றும் ஒருவர் ஓடலாம், பழைய தட்டு ஒன்று கையிலிருந்தால். நியோ ஆர்க்கேடியாவுக்குப் போக இப்போது வழி கிடையாது.